கற்றுக்கொள்ளும் நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது?

(அம்பத்தூரில் நூலக வாசகர்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புதிய தொழில்நுட்பம் சமூகத்தையும் தொழிலையும் அன்றாட வாழ்க்கையையும் எப்படி மாற்றுகிறது என்று பேசச் சொன்னார்கள். உலகளவு பெரிய தலைப்பு. அதை நான் பாடி மேம்பாலத்துக்கு மேற்கே, ஆவடி ரயில் பாதைக்கும் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கும் நடுவே கிடக்கிற நம் பகுதிக்குள் சுருக்கிக்கொள்கிறேன். ஷிப்ட் முடிந்து சட்டையைக்கூட மாற்றாமல் நேராக வந்திருப்பவர்கள் பலரை இங்கே பார்க்கிறேன். உங்களுக்குத் தெரிந்த இடங்களை வைத்துப் பேசினால், நான் எங்காவது தவறாகச் சொன்னாலும் நீங்களே பிடித்துவிடுவீர்கள். அந்தத் தைரியத்தில்தான் பேசுகிறேன்.

நம் தொழிற்பேட்டையில் ஏதாவது ஒரு தெருவுக்குள் நுழைந்து நடந்து பாருங்கள். முதல் ஷெட்டில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பழைய லேத் ஓடும். கடைசல்காரர் ஒருவர் கைச்சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே மைக்ரோமீட்டரில் அளவு பார்ப்பார். அடுத்த ஷெட்டில் கண்ணாடிக் கதவு போட்ட, கம்ப்யூட்டர் இயக்குகிற சி.என்.சி. மெஷின்கள் வரிசையாக நிற்கும். இருபது வயசுப் பையன் ஒருவன் கதவைத் திறந்து ஜாபை மாட்டுவான், பட்டனை அழுத்துவான், அடுத்த மெஷினுக்குப் போவான். இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஜன்னலே இல்லாத உயரமான கட்டடம் வரும். உள்ளே போகக் கைரேகை வேண்டும். அதுதான் டேட்டா சென்டர். நீங்கள் செல்போனில் பார்க்கிற படமும், வங்கிக் கணக்கும், ஆஸ்பத்திரிச் சீட்டும் இப்படிப்பட்ட கட்டடங்களுக்குள்தான் இருக்கின்றன. அறுபது வருஷத் தொழில்நுட்பம் ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறது.

இந்த மூன்று ஷெட்டிலும் வேலை செய்கிறவர்கள் தங்கள் வேலையை எங்கே கற்றுக்கொண்டார்கள், கற்றுக்கொண்ட அந்த நாட்களில் அவர்களுக்குச் சோறு போட்டது யார்? இந்த மாலை முழுவதும் நான் கேட்கப் போவது இந்த ஒரு கேள்வியைத்தான். மெஷின் எவ்வளவு வேகம், எத்தனை பேருக்கு வேலை போகும் என்றெல்லாம் நிறையப் பேசுகிறோம். கற்கும் நேரத்துக்கு யார் செலவழிப்பது என்று பேசுவதே இல்லை. என் கணிப்பில், ஒரு தொழில்நுட்பம் ஊரை வாழவைக்குமா வாட்டுமா என்பது இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தது.

கொஞ்சம் பின்னால் போகிறேன். 1949-இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்து நிறுவனம் ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. 1951-இல் முதல் ஹெர்குலிஸ் சைக்கிள் அம்பத்தூரில் உருவாகி வெளியே வந்தது. ஆவடி அதற்கு முன்பே ராணுவ இடம். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு அங்கேதான் கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. 1961-இல் அதே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பில் உருவான விஜயந்தா டாங்கி 1965-இல் அங்கிருந்து வெளியே வந்தது. பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் எல்லாம் அந்த அறுபதுகளின் பிள்ளைகள். 1958-இல் கிண்டியில் தொழிற்பேட்டை வந்தது. 1964-இல் அம்பத்தூரில் வந்தது. ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராக இருந்த காலம். தெற்காசியாவின் மிகப் பெரிய சிறுதொழிற்பேட்டைகளில் ஒன்றாக அது வளர்ந்தது.

இதெல்லாம் நமக்குப் பெருமை. ஆனால் அதே 1961-இல் நடந்த இன்னொரு விஷயத்தை யாரும் மேடையில் சொல்வதில்லை. அந்த வருஷம்தான் நாடாளுமன்றம் பயிற்சியாளர் சட்டத்தை, அதாவது அப்ரண்டிஸ் சட்டத்தை நிறைவேற்றியது. தொழிற்சாலை வைத்திருப்பவர் இத்தனை பேருக்குத் தொழில் கற்றுத்தர வேண்டும், கற்கும் காலத்தில் உதவித்தொகை தர வேண்டும் என்று அது சொன்னது. டாங்கித் தொழிற்சாலை வந்த அதே வருஷத்தில், கற்கிறவனுக்குக் காசு தர வேண்டும் என்ற சட்டமும் வந்தது. இதை நான் தற்செயலாகப் பார்க்கவில்லை. விவசாயக் குடும்பத்துப் பிள்ளை ஒருவனை டாங்கியின் கியர் பெட்டியைப் பிரித்துக் கோர்க்கிற ஆளாக மாற்ற வேண்டுமானால் அதற்கு வருஷங்கள் ஆகும், அந்த வருஷங்களுக்கு யாராவது பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆவடியில் அப்ரண்டிஸாக உள்ளே போய், டர்னராக, ஃபிட்டராக நிரந்தரமாகி, குவார்ட்டர்ஸில் குடியிருந்து, பிள்ளைகளை என்ஜினியராக்கிய குடும்பங்கள் இந்த அறையிலேயே இருக்கின்றன.

பாடியிலிருந்தும் ஒரு உதாரணம் சொல்கிறேன். 1998-இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவுக்கு தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசு கிடைத்தது. இந்தியாவில் அந்தப் பரிசைப் பெற்ற முதல் நிறுவனம் அது. அதற்காக அங்கே வாங்கி வைத்த அதிசய மெஷின் எதுவும் கிடையாது. ஒவ்வொரு தொழிலாளியும் தன் மெஷினில் வருகிற குறையைத் தானே எழுதி, காரணம் தேடி, சக தொழிலாளிகளோடு உட்கார்ந்து பேசித் தீர்க்கிற முறைதான் அதன் அடிப்படை. அப்படி உட்கார்ந்து பேசுகிற நேரமும் வேலை நேரம்தான் என்று நிர்வாகம் ஒப்புக்கொள்ளாமல் அது நடந்திருக்காது.

இப்போது இரண்டாவது ஷெட்டுக்கு வருகிறேன். இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

ஒரு ஷாஃப்ட் கடைய வேண்டும். விட்டம் 25 மில்லிமீட்டர். கூடக் குறைய நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரை விடலாம் என்று டிராயிங்கில் போட்டிருக்கிறது. அதாவது பத்து மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஏழில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய லேத்தில் இந்த அளவைக் கொண்டுவர நல்ல டர்னர் வேண்டும், அவருக்கும் வியர்க்கும். சி.என்.சி.யில் புரோகிராம் ஏற்றிவிட்டால் முதல் பீஸும் ஐம்பதாவது பீஸும் ஒரே மாதிரி வரும். அப்புறம் வெட்டுகிற இன்சர்ட்டின் முனை மெல்லத் தேயும். முனை தேய்ந்தால் விட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கும். அப்போது ஆஃப்செட் பக்கத்தைத் திறந்து, எவ்வளவு கூடியிருக்கிறதோ அவ்வளவைக் கழித்து எண்ணைப் போட வேண்டும். 0.02 போட வேண்டிய இடத்தில் 0.2 போட்டால் பீஸ் குப்பைக்குப் போகும். வேறொரு பக்கத்தில் தப்பான எண் விழுந்தால் வெட்டுக் கருவிகளைத் தாங்கும் டரெட் நேராகப் போய், பாகத்தைப் பிடித்திருக்கும் சக்கில் மோதும். அந்த ஒரு விநாடியில் பல லட்சம் ரூபாய் மெஷினின் ஸ்பிண்டில் போய்விடும்.

எப்போது இன்சர்ட்டை மாற்ற வேண்டும் என்று அனுபவசாலிக்குக் காது சொல்லிவிடும். வெட்டுகிற சத்தம் மாறும். சுருள் விழுகிற விதம் மாறும், அதன் நிறம் மாறும். இதெல்லாம் புத்தகத்தில் எழுதினாலும் மனதில் ஏறாது. பழைய கடைசல்காரரின் அறிவு சி.என்.சி. வந்ததால் செத்துப்போகவில்லை. அது கையிலிருந்து காதுக்கும் கண்ணுக்கும் ஆஃப்செட் பக்கத்துக்கும் இடம் மாறியிருக்கிறது. ஆனால் ஷெட்டில் அந்த அறிவு யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். செட்டர் என்று ஒருவர் இருப்பார். புரோகிராம், ஆஃப்செட் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆபரேட்டர்கள். மாட்டுவது, கழற்றுவது, எண்ணுவது. ஆஃப்செட் பக்கத்தைத் தொடக் கூடாது என்று அவர்களுக்குக் கண்டிப்பான உத்தரவு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த பையன்கள், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். வருஷக்கணக்கில் மெஷின் முன்னால் நின்றும் மெஷின் தெரியாத தொழிலாளிகளை நாம் உருவாக்கிக்கொண்டிருக்கிறோம். என் மனதை மிகவும் உறுத்துகிற விஷயம் இதுதான்.

முதலாளியைக் கேட்டால் அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அவரே ஒரு காலத்தில் ஏதோ ஒரு பெரிய கம்பெனியில் டர்னராக இருந்தவர். விருப்ப ஓய்வில் (வி.ஆர்.எஸ்.) வந்த பணத்தில் பழைய லேத் ஒன்றை வாங்கி, மற்ற கம்பெனிகளுக்குப் பாகம் செய்துகொடுக்கிற ஜாப் ஒர்க் ஆரம்பித்தவர். இன்றைக்கு வங்கியில் கடன் வாங்கி மெஷின் போட்டிருக்கிறார். மெஷின் நின்றாலும் தவணை நிற்காது. "பையனுக்குச் சொல்லிக் கொடுக்க ரெண்டு மணி நேரம் மெஷினை நிறுத்தினா அந்த ரெண்டு மணி நேர ரேட்டை எனக்கு யார் தருவாங்க? சொல்லிக் கொடுத்த அப்புறம் பக்கத்து ஷெட்டுக்காரன் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்து அவனக் கூட்டிட்டுப் போயிட்டா என்ன பண்றது?" என்று கேட்பார். இதில் எந்தக் கேள்விக்கும் நம்மிடம் சுலபமான பதில் இல்லை.

அப்ரண்டிஸ் சட்டம் இன்றும் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற நிறுவனத்துக்குத்தான் அது கட்டாயம். நம் பேட்டையில் பாதி ஷெட்டுக்கு மேல் எட்டுப் பேர், பத்துப் பேர் வேலை செய்கிற இடங்கள்தான் கண்ணில் படுகின்றன. அறுபதுகளில் தொழில்நுட்பம் பெரிய தொழிற்சாலைக்குள் வந்தது. கற்றுத்தரும் செலவை அந்தப் பெரிய தொழிற்சாலை ஏற்றது. இன்றைக்குப் பெரிய தொழிற்சாலை பாகங்களை வெளியே செய்யச் சொல்லிவிட்டது. வேலையோடு சேர்ந்து மெஷினின் கடனும் கற்றுத்தரும் செலவும் பத்துப் பேர் ஷெட்டின் தலையில் இறங்கிவிட்டன. நான் சொல்ல வந்ததன் மையம் இதுதான்.

இறங்கியவை அவை மட்டுமல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் இந்த ஊர் மறக்காது. பேட்டைக்குள் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. பழைய லேத் முங்கினால் மோட்டாரைக் கழற்றிக் காயவைத்து, பேரிங்கைக் கழுவி, கிரீஸ் போட்டு ஓட்டிவிடலாம். சி.என்.சி.யில் சர்வோ டிரைவும் கன்ட்ரோல் கார்டும் இருக்கிற பெட்டிக்குள் சேற்றுத் தண்ணீர் புகுந்தால் பெரும்பாலும் கார்டையே மாற்ற வேண்டும். மெஷின் நவீனமாக ஆக, வெள்ளத்தின் விலையும் ஏறிவிட்டது. ஏரிகளுக்கு நடுவே தொழிற்பேட்டை அமைந்த ஊரில், மழைநீர்க் கால்வாயைத் தூர்வாருவதும் தொழில்நுட்பக் கொள்கையில் சேர்ந்ததுதான். அதை மாநகராட்சி வேலை என்று தனியாக ஒதுக்கிவிட முடியாது.

மின்சார வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முருகப்பா குழுமம் 2022-இல் மோன்ட்ரா என்ற பெயரில் மின்சார ஆட்டோவை அறிமுகப்படுத்தியது. அதை அம்பத்தூரில்தான் தயாரிக்கிறார்கள். சைக்கிள் செய்த ஊர் மின்சார ஆட்டோ செய்கிறது, நல்ல செய்திதான். அந்த ஆட்டோவின் அடியில் எட்டிப் பாருங்கள். பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது, கார்புரேட்டர் கிடையாது, சைலன்சர் கிடையாது, ஸ்டார்டர் மோட்டார் கிடையாது. இவற்றில் ஏதாவது ஒன்றைக் கடைந்தே மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்த ஷெட்டுகள் நம் தெருக்களில் எத்தனை! பெரிய நிறுவனம் ஸ்டார்டர் மோட்டாரிலிருந்து வண்டியை ஓட்டும் மோட்டாருக்கு மாறிக்கொள்ளும். அதற்கு ஆராய்ச்சிப் பிரிவும் பணமும் இருக்கிறது. வால்வு கைடு மட்டுமே செய்து பழகிய எட்டுப் பேர் ஷெட்டுக்கு, அடுத்து எதைச் செய்யலாம் என்று யோசிக்கவே ஓய்வு இல்லை. பெட்ரோல் வண்டி நாளைக்கே நின்றுவிடப் போவதில்லை. அந்த இடைவெளியில்தான் மாற வேண்டும், அந்த இடைவெளியைத்தான் நாம் வீணாக்கிக்கொண்டிருக்கிறோம்.

இனி மூன்றாவது கட்டடம், அந்த டேட்டா சென்டர். சென்னைக் கடற்கரையில் கடலடிக் கேபிள்கள் வந்து ஏறுகின்றன. 2002-இலேயே சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஐ2ஐ என்ற கேபிள் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் பல வந்தன. கேபிள் வருகிற ஊரில் டேட்டா சென்டர் வருவது இயல்பு. தமிழ்நாடு அரசு 2021-இல் இதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. ரிலையன்ஸ், புரூக்ஃபீல்டு, டிஜிட்டல் ரியல்டி மூன்றும் கூட்டாக நடத்துகிற டிஜிட்டல் கனெக்ஷன் நிறுவனம் 2024 ஜனவரியில் அம்பத்தூரில் தன் மையத்தைத் திறந்தது. வளாகம் முழுமை பெறும்போது 100 மெகாவாட் என்கிறார்கள். அதன் அளவு தெரிய ஒரு கணக்குப் போடுவோம். 100 மெகாவாட் ஒரு நாள் முழுக்க ஓடினால் 24 லட்சம் யூனிட். நம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதோடு அதை வைத்துப் பாருங்கள்.

ஜன்னல் இல்லாத அந்தக் கட்டடத்தைப் பார்த்ததும், இதில் நம் பிள்ளைகளுக்கு என்ன வேலை இருக்கப் போகிறது என்று நினைப்போம். ஒரு ஏக்கருக்கு இத்தனை பேர் என்று கணக்கிட்டால் பழைய பிரஸ் ஷாப்பை விட மிகக் குறைவுதான். ஆனால் உள்ளே தேவைப்படுகிறவர்கள் யார்? உயரழுத்த ஹெச்.டி. பேனல் தெரிந்த எலெக்ட்ரீஷியன். சில்லர், ஏ.சி. தெரிந்த மெக்கானிக். ஜெனரேட்டரை நொடியில் ஓடவைக்கத் தெரிந்த டீசல் மெக்கானிக். எல்லாமே ஐ.டி.ஐ. படிப்புகள்! இணையத்தின் உச்சியில் இருப்பதாக நாம் நினைக்கிற தொழில், அடியில் நம் அம்பத்தூர் ஐ.டி.ஐ.யின் பாடத்திட்டத்தின் மேல்தான் நிற்கிறது. கம்ப்யூட்டர் படித்தால்தான் எதிர்காலம் என்று பிள்ளைகளைத் துரத்துகிற பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்காவை முதலமைச்சர் திறந்து வைத்தார். அங்கே மேலே மென்பொருள் எழுதுகிறவர்கள் இருப்பார்கள். கீழே லிஃப்டும் ஏ.சி.யும் மின்சாரமும் தடையில்லாமல் ஓட, கை வேலை தெரிந்தவர்களும் இருந்தாக வேண்டும்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி இன்னும் பேசவில்லையே என்று சிலர் காத்திருப்பது தெரிகிறது. நம் பேட்டையில் அது சத்தமில்லாமல் வந்துவிட்டது. ஜாப் ஒர்க் முதலாளிகள் செல்போனில் தமிழில் பேசி, ஜெர்மன்காரருக்கு ஆங்கிலத்தில் கொட்டேஷன் கடிதம் எழுதவைக்கிறார்கள். பத்தாம் வகுப்போடு நின்றவருக்கு அது உண்மையிலேயே பெரிய விடுதலை. ஆங்கிலம் தெரியாததால் இடைத்தரகருக்குக் கொடுத்த காசு அவருக்கு மிச்சம். இன்னொரு பக்கம், பாகங்களில் கீறல், வெடிப்பு பார்க்கிற வேலையைக் கேமரா எடுத்துக்கொள்கிறது. அந்த வேலையில் இருப்பவர்களில் பெண்கள் அதிகம். விளக்கு வெளிச்சத்தில் எட்டு மணி நேரம் கண் வலிக்கப் பார்க்கிற வேலையைக் கேமரா செய்யட்டும், எனக்கு மறுப்பில்லை. எது கீறல், எது வெறும் எண்ணெய்க் கோடு என்று அந்தக் கேமராவுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதும் அதே பெண்கள்தான். அவர்கள் பிரித்துக் கொடுத்த நல்ல பீஸையும் கெட்ட பீஸையும் படம்பிடித்துத்தான் அது கற்கிறது. மெஷினுக்குக் கற்பித்தவருக்கு அந்த மெஷினை நடத்துகிற வேலையைக் கொடுப்பதுதானே முறை? அதை யாராவது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்களா?

பூந்தமல்லிக்குப் போவோம். அங்கே இரண்டு இடங்கள். ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை வருகிற 26.1 கிலோமீட்டர் மெட்ரோ வழித்தடத்தில் ஓட்டுநர் இல்லாத ரயில்களை விடுகிறார்கள். பூந்தமல்லி பணிமனைக்குத்தான் முதல் ரயில் வந்தது. 2025 மார்ச்சில் அங்கிருந்துதான் தடத்தில் சோதனை ஓட்டம் தொடங்கியது. ஓட்டுநர் இருக்கை போனாலும் கட்டுப்பாட்டு அறையிலும் பணிமனையிலும் ஆட்கள் வேண்டும். அந்த வேலைகளுக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகளைத் தயார்படுத்துகிறோமா என்பதே கேள்வி.

இரண்டாவது இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியும், பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் பூந்தமல்லியில் இருக்கின்றன. நம்மில் பலர் அந்த வழியாகப் பஸ்ஸில் போயிருப்போம், இறங்கிப் பார்த்திருக்க மாட்டோம். புதிய தொழில்நுட்பத்தால் மிக அதிகம் கிடைத்தது யாருக்கு என்று கேட்டால் பார்வையற்றவர்களுக்கு என்றுதான் சொல்வேன். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற மென்பொருள் வந்தபிறகு அவர்களே செய்தித்தாள் படிக்கிறார்கள், பரீட்சைக்கு விண்ணப்பம் போடுகிறார்கள். 2016-க்குப் பிறகு புது நோட்டுகளின் அளவு மாறி, கையால் தடவி அடையாளம் காண்பது கஷ்டமானது. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி மணி என்ற செயலியைக் கொடுத்தது. நோட்டைக் கேமரா முன்னால் பிடித்தால் எத்தனை ரூபாய் என்று சொல்லும். கடையில் பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்கிற பெட்டி, நமக்கு ஒரு வசதி. கடை நடத்துகிற பார்வையற்றவருக்கு அது கணக்குப்பிள்ளை.

இவையெல்லாம் செல்போன் வாங்கியதும் தானாக வந்துவிடவில்லை. எந்த விரலை எப்படி இழுக்க வேண்டும், வேகமாகப் பேசுகிற அந்தக் குரலை எப்படிப் பின்தொடர வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்கள் வேண்டும். அரசுச் சம்பளத்தில் அப்படிப்பட்ட ஆசிரியர்களை வைத்திருக்கிற இடம் அது. இன்றைக்கு நம் வட்டாரத்தில், கற்கும் நேரத்துக்குச் சமூகம் பணம் கட்டுகிற அபூர்வமான இடங்களில் ஒன்று. அங்கே படித்தவர்களைத் தடுத்து நிறுத்துவது அவர்களின் திறமைக் குறைவு அல்ல, கருவியைச் செய்தவர்களின் அலட்சியம். வங்கியில் ஆன்லைனில் கணக்குத் தொடங்கப் போனால் கண்ணை இமைத்துக் காட்டுங்கள் என்று திரை கேட்கிறது. கார்டு தேய்க்கிற மெஷினில் பட்டன்களை எடுத்துவிட்டு வழவழப்பான கண்ணாடியை வைத்துவிட்டார்கள். பின் நம்பரை எப்படித் தட்டுவது? 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட டிஜிட்டல் வசதிகள் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்ட வேண்டும், அது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்புச் சொன்னது. ஆசிட் வீச்சில் முகமும் கண்களும் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. அவர்கள் வாங்கித் தந்த தீர்ப்பு, நாளைக்குக் கண்புரை வரப்போகிற நமக்கும் சேர்த்துத்தான்.

சரி, என்ன செய்யலாம்? பிரச்சினையை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போக எனக்கு மனமில்லை.

பணத்திலிருந்து தொடங்க வேண்டும். பத்துப் பேர் ஷெட்டின் முதலாளிக்குச் செய்த வேலைக்குப் பில் பணம் காலத்தில் வந்தால்தான் அவர் கற்றுத்தருவதைப் பற்றி யோசிப்பார். 2006-இல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் 45 நாளுக்குள் பணம் தரச் சொல்கிறது. பல வருஷம் அது காகிதத்தில்தான் இருந்தது. 2024 ஏப்ரலில் வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிரிவு நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், தருகிற வரைக்கும் அதைச் செலவாகக் கழிக்க முடியாது. பெரிய நிறுவனங்களின் கணக்குப் பிரிவுகள் இப்போது அந்தத் தேதியைப் பார்க்கின்றன. சின்ன முதலாளிகள், குறு, சிறு தொழில்களுக்கான தங்கள் உத்யம் பதிவைப் புதுப்பித்து, பில்லிலேயே அந்த எண்ணை அச்சிட வேண்டும். அதைச் செய்யாமல் கேட்டால் உரிமை கிடைக்காது.

அடுத்து, இடம். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் புதுப்பித்தார்கள். ரோபோ, சி.என்.சி. எல்லாம் வந்திருக்கின்றன. நம் அம்பத்தூரிலும் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. உற்பத்தியாளர் சங்கமான ஏ.ஐ.இ.எம்.ஏ. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நந்தம்பாக்கத்தில் பிரம்மாண்டமான மெஷின் கண்காட்சி நடத்துகிறது. மெஷினை வாங்க வழி காட்டுகிற அதே சங்கம், அதை இயக்குகிற ஆபரேட்டரை செட்டராக்கவும் வழி காட்டலாம். சாயங்காலம் ஐ.டி.ஐ. மெஷின்கள் சும்மாதான் நிற்கின்றன. ஷிப்ட் முடிந்த ஆபரேட்டர்களுக்கு அவற்றைத் திறந்துவிட வேண்டும். தமிழ் தெரியாதவர்களுக்கு இந்தியிலும் சொல்லித்தர வேண்டும். ஊர் விட்டு ஊர் வந்து நம் பேட்டையைத் தாங்குகிறவர்களைப் பாஷையைக் காரணம் காட்டி வகுப்புக்கு வெளியே நிறுத்தக் கூடாது.

ஆனால் பன்னிரண்டு மணி நேரம் நின்ற காலோடு எவன் வகுப்புக்கு வருவான்? வரமாட்டான். வரவேண்டும் என்று எதிர்பார்ப்பதே அநியாயம். அதனால் கற்கிற மணிக்கும் சம்பளம் வேண்டும். அதை எட்டுப் பேர் ஷெட் தனியாகச் சுமக்க முடியாது. பாகங்களை வாங்குகிற பெரிய நிறுவனம் அதில் பங்கு எடுக்க வேண்டும். அறுபதுகளில் தன் சுவருக்குள் செய்த செலவைத்தான் இன்றைக்கு வெளியே செய்யச் சொல்கிறோம். புதிதாக எதையும் கேட்கவில்லை.

இதற்கு அரசாணை வருகிற வரை காத்திருக்க வேண்டியதில்லை. மெஷின் ஓடுகிற ஒரு மணி நேரத்துக்கு ரேட் எப்படிப் போடுகிறோம் என்று இங்கே இருக்கிற முதலாளிகளுக்குத் தெரியும். வாடகை, கரண்ட், இன்சர்ட், கூலண்ட், தவணை, ஆள் சம்பளம், தேய்மானம் என்று வரி வரியாகப் போட்டுக் கூட்டுகிறோம். அந்தப் பட்டியலில் பயிற்சி என்று ஒரு வரி சேருங்கள். வாரத்துக்கு ஒரு ஆளுக்கு இரண்டு மணி நேரச் சம்பளம், அதை அந்த வாரத்து மெஷின் மணிகளால் வகுத்தால் வருவது சில ரூபாய். ஒரே ஒருவர் போட்டால் வாங்குகிற கம்பெனி அடித்துவிடும். ஒரு தெருவில் இருக்கிற பதினைந்து ஷெட்டும் பேசிவைத்துப் போட்டால், சங்கம் அதை நிலையான வரியாகவே அறிவித்தால், வாங்குகிறவர் அதைப் பற்றிப் பேசியாக வேண்டும். பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் பாகம் வாங்குகிற நிறுவனத்துக்கு, அதைச் செய்கிறவனுக்கு ஆஃப்செட் தெரிந்திருப்பது அவசியமா இல்லையா என்ற கேள்வியை அவர்கள் மேஜை மேலேயே வைத்துவிடலாம்.

ரேட் போடுகிறவர்கள் இந்த அறையில் பலர் இருக்கிறீர்கள். அந்த வரியை எவ்வளவாகப் போடலாம், எந்தத் தெருவிலிருந்து தொடங்கலாம் என்று இப்போதே பேசுவோம். ஆபரேட்டர்களாக இருக்கிற தம்பிகள் முதலில் பேசட்டும். ஒலிபெருக்கியைப் பின்வரிசைக்குக் கொடுங்கள்.